கதவின் முதுகு

அம்மாபேட்டை மண்டல அலுவலகத்தில்
பிறப்புச் சான்றிதழ் ஜன்னலுக்கும் கழிவறைக்கும் நடுவே
ஒரு கதவு.
எப்போதும் திறந்தே கிடக்கும்.
திறந்தே கிடப்பதால்
அதன் முதுகில் ஒட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

வரிசையில் சலித்துப்போன ஒரு குழந்தை
கதவை இழுத்து விளையாடியதில்தான் நான் பார்த்தேன்.
ரெட்டைக்கிணற்றுத் தெரு,
சாலை அகலப்படுத்தல் உத்தேசம்,
ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம்.
விரல்விட்டு எண்ணினேன்.
பதினேழு போயிருந்தது.

என் கடையில் ஒரு ஜெராக்ஸ் ஒன்றரை ரூபாய்.
ரேஷன் அட்டை, வெள்ளிப் பட்டறை ரசீது,
வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்பவர்களின் வயதுச் சான்று,
தெருவின் ரகசியமெல்லாம்
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
பச்சை வெளிச்சம் வாங்கிப் போனதுதான்.
இது மட்டும் என் கைக்கு வரவில்லை.

போனில் படமெடுத்து வந்து
நூற்றிருபது பிரதி போட்டேன்.
படித்தால் புரியவில்லை.
ஐந்து மேற்படி ஏறியும்
வாசல் வரவில்லை.
பின்பக்கம் என் கையால் எழுதினேன்:

தட்டுவடை செட் கடையிலிருந்து
பிலோமினா டெய்லர் போர்டு வரை.
கிழக்கே ஆறடி போகும். மேற்கே ஒன்பதடி.
குடிதண்ணீர்க் குழாய் மேற்கே இருக்கிறது.
வேண்டும் என்றாலும் எழுதலாம்,
வேண்டாம் என்றாலும் எழுதலாம்.
இன்னும் பதின்மூன்று நாள்.

மேற்கே என் கடை.
ஆழம் எட்டரை அடி.
அதை எழுதவில்லை.

விசைத்தறி ஓடும் வீட்டில்
ஆட்சேபணை, ஆட்சேபணை என்று கத்தினேன்.
ஆடித் தள்ளுபடியா, எந்தக் கடையில் என்றார்கள்.
வெங்கோபராவ் வீட்டுச் சுவரில்
சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்பு, ஓர் எண்.
போலியோ சொட்டு மருந்துக் கணக்கு என்று நினைத்து
பொங்கலுக்கு அதன்மேலேயே
சுண்ணாம்பு அடித்திருந்தார்.
அவர் வீட்டில் குழந்தைகளே இல்லை.

உனக்கு இதில் என்ன லாபம் என்று
நான்கு பேர் கேட்டார்கள்.
நூற்றிருபது பிரதிக்கு
நூற்றெண்பது ரூபாய் நஷ்டம் என்றேன்.
ஐந்தாவது ஆள் வார்டு ஆபீஸ் பையன்:
எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே அக்கா.
கேட்க வேண்டும் என்பது தெரியவே
முதலில் ஏதாவது தெரிய வேண்டாமா தம்பி?

தாவூத் பாய் மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.
ஆம்புலன்ஸ் முக்கில் நின்றுவிட்டது, ஜமுனா.
கட்டிலோடு தூக்கிப் போனோம் என் தம்பியை.
ரோடு வரட்டும். கெடுக்காதே.
இதையே எழுதிக் கொடுங்கள் பாய் என்றேன்.
இதையுமா வாங்குவார்கள்?
வாங்கித்தான் ஆக வேண்டும்.
மளிகைச் சீட்டின் பின்னால்
உருது போல் சாய்ந்த தமிழில் அவர் எழுதினார்.
அதுதான் முதல் கடிதம்.

முப்பதாவது நாள்
தபால் பிரிவில் நாற்பத்தொன்று கொடுத்தோம்.
ஒன்றோடொன்று சண்டை போடும் நாற்பத்தொன்று.
சாக்கடைக்கு மூடி கேட்டவர்,
வேப்பமரத்துக்கு மட்டும் வாதாடியவர்,
இதையே சாக்காக வைத்து
பக்கத்து வீட்டு மாடிப்படியைப் போட்டுக்கொடுத்தவர்.
எழுத்தர் எண்ணினார், அலுத்துக்கொண்டார்,
எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தினார்.

கடைசியில் இருந்தது என்னுடையது.
எட்டரை அடி பற்றி இரவெல்லாம் எழுதி
கிழித்துப் போட்ட பிறகு
மிஞ்சிய ஒரே வரி:
இனி அறிவிப்புகளைக் கதவின் முன்பக்கம் ஒட்டவும்.

அவர் படித்தார்.
என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.
எழுந்து போய், ஆணி துருவேறிய அந்தக் கதவை
இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினார்.

எங்கள் தாள் இருந்தது.
ஒரு மூலை பிய்ந்து தொங்கிய இடத்தில்
அடியில் இன்னொரு தாள் தெரிந்தது.
வேறு தெரு.
நாள் எப்போதோ முடிந்திருந்தது.