வடகரையில் வணிக வளாகம் கட்ட

செக்காலை ரோடு, மாடியறை.
கீழே மிக்ஸி பழுது பார்க்கும் இரைச்சல்.
பள்ளத்தூர் ஊருணி மனுக்கள்
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
ஒரே மாதிரி எத்தனை என்று
காலை பத்துக்குள் வேண்டுமாம்.

குரூப் பை போட்டேன்.
இத்தனை நீளமான நெடுவரிசையை
வகை பிரிக்க முடியாது என்று
சிவப்பில் ஒரு வரி காட்டியது டேட்டாபேஸ்.

சரி, முதல் நாலாயிரம் பைட் மட்டும் பார், போதும்.
தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்,
கொம்போ புள்ளியோ ஏறினால் இன்னும் மூன்று.
சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது நாலாயிரம்.
மனுக்கள் மூன்று குவியலாய் ஒடுங்கின.
பெரியதில் எழுநூற்று நாற்பது.
'ஊரே ஒரே குரல் சார்'
என்று அடைக்கலராஜ் சாருக்கு வாட்ஸ்அப் போட்டேன்.
கட்டைவிரல் வந்தது.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
சும்மா ஒரு மனுவைத் திறந்து அடிவரை இறக்கினேன்.
ஊருணி வெட்டிய வருஷம், படித்துறை, வரத்துக்கால்,
'மேற்படி ஊருணியின் வடகரையில் வணிக வளாகம் கட்ட'
அங்கேதான் விழுந்திருக்கிறது என் வெட்டு.
அதற்கப்புறம் ஒரே ஒரு சொல்.
இதில்: வேண்டும்.
அடுத்ததில்: வேண்டாம்.

இரண்டு தரப்புக்கும் ஊருணியின் வரலாற்றை
அடித்துக் கொடுத்தது ஒரே ஜெராக்ஸ் கடை.

முகப்பில் நின்று பார்த்தால்
இங்கே எல்லா வீடும் ஒன்றுதான்.
வளவு தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி,
பின்கட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்பதில்தான் விஷயம்.
நம் பாஷையும் அப்படி:
ஆமாவையும் இல்லையையும்
கொல்லைப்பக்கம் வைத்திருக்கிறது.

கோயில் கணக்கு நினைவு வந்தது.
ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளி,
வீடு எத்தனை கட்டானாலும்.
மனுவைத் தலை முதல் கால் வரை ஹாஷில் அரைத்து
முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு ரேகை எடுத்தேன்.
ஒரு பக்க மனுவுக்கும் அதே முப்பத்திரண்டு,
ஒன்பது பக்கத்துக்கும்.
நீளத்தைத் தொடாமல்
ரேகையை வைத்துக் குவி என்றேன்.
முனகாமல் குவித்தது.

வேண்டும், நானூற்று இரண்டு.
வேண்டாம், முந்நூற்று முப்பத்தேழு.

ஒன்று மிச்சம்.
வால் இடைவெளியாய் இருக்கும், டிரிம் போட்டால் சேரும்
என்று போட்டேன். சேரவில்லை.
திறந்தேன். சிகப்பி, கீழத்தெரு.
அதே வரலாறு, அதே வரத்துக்கால்,
அதே வடகரை, வளாகம் கட்ட
வேண்டுமா?

அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டம்.
பழைய செய்தியை அழிக்கப் போனேன்.
நீல டிக் விழுந்து
ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.