கூட்டி வைத்த வெளிச்சம்

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது.
மற்றவர்களில் பாதிப் பேருக்குப் பங்குனி ஆகாது.
வருஷத்தில் இந்த ஐந்தாறு வாரம்
என் கேமராவுக்கும் நோன்பு.

வடசேரியில் அறுநூறு லென்ஸ் ஒன்றை
நாள் வாடகைக்கு எடுத்தேன்.
மாலை ஆறுக்குள் திருப்பித் தர வேண்டும்,
மண் பட்டால் என் தலையில்.
பைக் டேங்கின் மேல் துண்டு சுற்றி வைத்து
புத்தளம் உப்பளத்தில் இறங்கும்போது
மணி ஏழு இருபது.

மண்டபத்தில் எனக்கு எல்லாம் தெரியும்.
நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி போதும்
தாலி கட்டும் விரல்களுக்கு.
தவறிவிட்டால் "ஒருக்கா கூட" என்பேன்,
மாப்பிள்ளை கட்டுவதுபோல் திரும்பக் குனிவார்.

ஆலா குனியாது.
அதற்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.
தலைகீழாக விழும்போது அதுவும் காணாது என்று
மூவாயிரத்து இருநூறு வைத்தேன்.
துளையை முழுக்கத் திறந்தேன்: ஆறு புள்ளி மூன்று,
வாடகை லென்ஸுக்கு வாய் அவ்வளவுதான்.
ஐஎஸ்ஓவை அதன் போக்கில் விட்டேன்.
ஃபோகஸ் விடாமல் துரத்தட்டும்.
பறவை காற்றை எதிர்த்துத்தான் வரும்,
அதனால் காற்றை முதுகில் வாங்கி
வரப்பில் உட்கார்ந்தேன்.

நெடுங்கால் உள்ளான்கள் நாலு
என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தன,
கடன்காரனைக் கண்டதுபோல.

பிறகு அது வந்தது.
ஓடைக்கு மேல் ஒரு கணம் நின்று
கறுத்த தண்ணீரை நோக்கி
விழுந்தது.
நாற்பத்தொரு படம்.

தஸ்நேவிஸ் வாருபலகையைச் சாய்த்துவிட்டு வந்து
திரையைக் கையால் மறைத்துப் பார்த்தார்.
"பறவ எங்க மக்கா?
தொப்பியும் மூக்கும் மட்டுமில்லா பறக்கு."

கறுப்புத் தொப்பி. கேரட் நிற அலகு.
நடுவில் வெறும் தாள்.

எக்ஸ்போஷர் கூட்டல் ஒன்றில் இருந்தது.
இரணியல் கல்யாணத்தில் வைத்தது.
"பிள்ள கொஞ்சம் வெளுப்பா வரட்டும் தம்பி."
அந்த அம்மா சொல்லியிருக்கவே வேண்டாம்,
பதினோரு வருஷமாக மணப்பெண்ணைக் கண்டதும்
என் கட்டைவிரல் தானாகத் திருகும்.

கேமராவுக்கு உப்பும் சாம்பல்தான்,
நீர்க்காகமும் சாம்பல்தான்.
உலகம் மொத்தமும் ஒரே சாம்பல் என்று நம்புகிற யந்திரம்.
எது எவ்வளவு வெள்ளை என்று
நாம்தான் சொல்ல வேண்டும்.
நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

இருட்டில் புதைந்ததைக் கொஞ்சம் தோண்டி எடுக்கலாம்.
எரிந்த வெள்ளையில் ஒன்றும் இல்லை.
அந்தச் சிறகின் அடுக்குகள்
எந்தக் கணினியிலும் இனி இல்லை.
ஷைஜினியின் மேலுதட்டில் ஒரு மச்சம் இருந்தது.
ஆல்பத்தில் இல்லை.
அவள் கேட்கவில்லை.
ஒருவேளை கணவனிடம் காட்டியிருப்பாள்.

கழித்தல் ஒன்றுக்குத் திருகினேன்.

"என்னயும் ஒண்ணு எடு."
அறுநூறில் அவர் மூக்குகூட முழுசாக அடங்காது.
பின்னால் போங்க, இன்னும், இன்னும் என்று
முப்பது நாற்பது எட்டு விரட்டினேன்.
முதுகுக்குப் பின்னால் உப்புக் குவியல்,
திரையில் அவர் வெறும் நிழல்.
வெள்ளைக்கு முன் நிற்கும் முகத்துக்குக்
கூட்டத்தான் வேண்டும்.
ஒவ்வொரு சொடுக்காகக் கூட்டினேன்,
முகம் தெரியும்வரை.
வெளுக்கும்வரை அல்ல.

அப்போது பார்த்து அவர் கை நீண்டது:
"அன்னா, அன்னா!"
நான் திரும்பும்போது
தண்ணீரில் வளையம் மட்டும்.

படத்தில் இருப்பது
நீட்டிய கை, திறந்த வாய்,
உப்பு வெயிலில் இடுங்கிப்போன கண்ணைச் சுற்றி
எண்ணக்கூடிய சுருக்கங்கள்.
பறவை இல்லை.

ஆறு மணிக்குக் கடைக்காரன்
லென்ஸை விளக்கில் உருட்டிப் பார்த்தான்.
வளையத்தின் இடுக்கில் ஒரு பரல் உப்பு.
இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டான்.