இடது கட்டைவிரல்

இருபத்திரண்டு வருடமாக நான் நம்பிய அளவு
தரையிலிருந்து நூற்று நாற்பது சென்டிமீட்டர்.
கண் அங்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.
குழந்தைக்கு ஒரு படி.
சக்கர நாற்காலிக்கு, மேசையின் கீழே வெற்றிடம்.
பழைய கம்பளிக்கு ஐம்பது லக்ஸ் வெளிச்சம்,
அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

ஔலு நகரில், ஆறு கடலைத் தொடுகிற இடத்தில்
எங்கள் பனிப்பாதை அருங்காட்சியகம்.
உறைந்த கடல்மேல் தபால் சுமந்தவர்களின்
சறுக்குவண்டி, கொக்கி, விளக்கு, ஒரு ஜோடி கையுறை.
உள்ளே வருகிறவர்கள் வலப்பக்கம் திரும்புவார்கள்.
ஏனென்று தெரியாது. திரும்புவார்கள்.
அதை நம்பித்தான் சுவர்களை நிறுத்தினேன்.

இந்த நவம்பரில்
மூன்று மணிக்கே இருட்டிவிடும் சமையலறையில்
மடிக்கணினியில் ஒரு பெட்டி செய்தேன்.
அதற்குள் ஒரு பெட்டி. அதற்குள் இன்னொன்று.
அதுவரை பழகிய வேலைதான்.
ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தேன்,
கூரை வந்து தரையில் உட்கார்ந்தது.
தச்சன் ரெய்யோ பார்த்திருந்தால்
'ஒரு ஆணிக்கா இவ்வளவு?' என்று
தாடியைச் சொறிந்துகொண்டு சிரித்திருப்பான்.

இங்கே வலப்பக்கம் இல்லை.
வாசலே இல்லை.
எங்கிருந்தோ ஓட்டைப் பிரித்து இறங்குகிறார்கள்;
ஒன்பது மாதம் யோசித்து வைத்த கதையின்
கடைசி வரியில் முதல் காலை வைக்கிறார்கள்.
யாரோ கைப்பேசியைத் திருப்பினால்
என் சுவர் மடிகிறது.
நூற்று நாற்பது சென்டிமீட்டராம்.
கட்டிலில் மல்லாந்து கிடப்பவரின் கண்
எந்த உயரம்?

குறையாகப் பட்டது மூக்குத்தடம்தான்.
மாலையில், மிர்யாமி துடைக்க வருமுன்,
கண்ணாடிமேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பேன்.
சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள்.
எது பிடித்தது என்று அவை சொல்லிவிடும்.
இப்போது வருவது ஓர் எண்:
கையுறைப் பக்கத்தில் ஒருவர், பதினொரு நிமிடம்.
பார்த்தாரா, தூங்கிப்போனாரா,
அடுப்பில் பால் பொங்கி எழுந்து ஓடினாரா?

பார்க்க இயலாதவர்களுக்காக
ஒவ்வொரு படத்தின் பின்னாலும்
ஒரு வாக்கியத்தை ஒளித்துவைக்க வேண்டும்.
'கம்பளிக் கையுறை, சாம்பல் நிறம்' என்று எழுதிவிட்டுத்
தேநீர் போடப் போனேன்.

கெமியிலிருந்து தாவெத்தி என்பவர் எழுதினார்:
'ஔலிக்கி அவர்களுக்கு,
பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை.
சாம்பல் நிறத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?
எங்கே தேய்ந்திருக்கிறது? யாராவது தைத்திருக்கிறார்களா?'

எனக்குத் தெரியவில்லை.
அந்தக் கையுறைகளுக்கு மூன்று முறை தாங்கி செய்தவள் நான்.
விளக்கை அங்குலம் அங்குலமாகத் தணித்தவள்.
உள்ளங்கைகள் அத்தனை வருடமும்
தாங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை, விடுமுறை.
சாவியை வாங்கினேன்.
கையுறையைத் தொடக் கையுறை மாட்டிக்கொண்டேன்.
புரட்டினேன்.

வலது, ஏறக்குறையப் புதிது.
இடது கட்டைவிரலில் இரண்டு தையல்;
இரண்டாவது, மீன்வலை நூல்.
உள்ளங்கையில் குறுக்காக ஒரு பள்ளம், கயிறு ஓடிய வழி.
அந்த இடத்தில் கம்பளி கம்பளியாக இல்லை,
செருப்புத்தோல்போல் இறுகியிருந்தது.
மணிக்கட்டின் உட்புறம்
யாருடையதோ, ஒரு முடி.

அவ்வளவையும் எழுதினேன், முடி உட்பட.
எந்தத் திரையிலும் தெரியாது.
நான் எழுதியதிலேயே நல்ல விளக்க அட்டை அதுதான்.

தாவெத்தியின் பதில் ஒரே வரி:
'அப்படியானால் அவர் இடக்கைக்காரர்.'

கூடத்தின் நடுவில் நான் நிறுத்திய தபால்காரப் பொம்மை
இருபத்திரண்டு வருடமாக
வலக்கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.

ரெய்யோவை வரச் சொல்லியிருக்கிறேன்,
நாளைக் காலை, திறக்குமுன்,
பெரிய ஸ்க்ரூடிரைவரோடு.