டேபிளை நிரப்பு

அக்டோபரில் வந்தான்.
படிவத்தில் பெயர் ஃப்ரான்சிஸ்கோ.
தாய்மொழி என்ற கட்டத்தில்
அலுவலகத்தில் யாரோ
'ஸ்பானிஷ்' என்று தட்டிவிட்டிருந்தார்கள்.
குவாத்தமாலா என்றால் வேறென்ன?

அயோவாவில் எங்கள் ஊரைச் சுற்றி மக்காச்சோளம்,
நடுவில் வான்கோழி ஆலை.
இரவு ஷிஃப்ட் முடிந்து
கழுவிய பூட்ஸின் ஈரத்தோடு
அவன் அப்பா வாசலில் விட்டுப் போவார்.
நான் நாலாம் வகுப்பின் பின்வரிசையில்,
முழங்கால் தாடையில் இடிக்கும் குட்டி நாற்காலியில்,
ஆங்கிலத்துக்குத் துணை ஆசிரியை.
ஒன்பது பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி.
எனக்குத் துணை ஒரு லாமினேட்டிங் மெஷின்.

முதல் வாரம் கற்களைப் பற்றிய பாடம்.
என்ன நிறம், எவ்வளவு கனம்,
நகத்தால் கீறினால் கோடு விழுமா.
மிஸ்டர் ஹால்வர்சன் சொன்னார்:
"டேபிளை நிரப்புங்கள்."
இருபத்து மூன்று பென்சில்கள்
தாளில் இருந்த கட்டங்களுக்குள் இறங்கின.

டேபிள் அவனுக்குத் தெரியும்.
நிரப்பு என்பதும் தெரியும்,
குடிநீர்க் குழாயருகே பாட்டிலோடு கற்றது.
எழுந்தான்.
கற்களை மேசைமேல் பரப்பினான்.
இடம் மிச்சமிருந்தது.
பென்சில் டப்பா, ஒற்றைக் கையுறை,
பாதி கடித்த ஆப்பிள்,
கடைசியில் என் காபிக் கோப்பை.
நிரப்பிவிட்டு நிமிர்ந்தான்,
சொன்னதைச் செய்தவனின் முகத்தோடு.

வகுப்பு சிரித்தது.
நானும்தான், கொஞ்சம்.
அதற்குப் பிறகு பிப்ரவரி வரை
அவன் வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை.

சும்மா இருந்தேனா? இல்லை.
ஒவ்வொரு பாடத்தையும் ஸ்பானிஷில் அச்சடித்து
பளபளவென்று உறையிட்டுக் கொடுத்தேன்.
இந்தத் தாளையும் அந்தத் தாளையும்
ஒரே மரியாதையோடு பார்த்தான்.
'முயற்சி போதாது.'
டிசம்பர் அறிக்கையில் அந்த வரி இருக்கிறது,
கீழே என் கையெழுத்தும்.

பெற்றோர் சந்திப்பு.
நிமிடக் கணக்கில் காசு வாங்கும்
தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்,
மூன்றாவது கேள்விக்குப் பின் குரலைத் தாழ்த்தினார்:
"மேடம், எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறார்.
இவருக்கு ஸ்பானிஷ் சந்தைப் பேச்சு அளவுதான்.
பையனுக்கு அதுவும் கிடையாது.
இவர்கள் மொழி கஞ்ஜோபால்."

கணினிப் பட்டியலில் தேடினேன்.
'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது.
அப்பா தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு
பையனைக் காட்டி, "பலாஸ்" என்றார்.
ஐந்து மாதம் நான் கூப்பிட்ட பெயருக்கு
அவன் ஏன் சற்றுத் தாமதமாகத் திரும்பினான் என்று
அப்போது புரிந்தது.

மறுநாள் ஜன்னலோரம்.
பனிக்கு மேலே அறுத்த தட்டைகள்
வரிசை வரிசையாக.
சுட்டிக் காட்டி, தோளைத் தூக்கினேன்:
இது உன் மொழியில்?
வெகுநேரம் என்னை எடைபோட்டான்.
"இஷிம்."
நான் சொன்னேன்.
தலையாட்டி மறுத்தான்.
நாக்கு இன்னும் பின்னால் வளைய வேண்டுமாம்,
விரலால் தன் வாயைத் திறந்து காட்டினான்.
மறுபடி. மறுபடி.
நாலாவது தடவை, பாவம் என்று விட்டுவிட்டான்.
நான் அவனுக்கு இத்தனை தடவை தந்ததில்லை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
மாநிலத் தேர்வில் பேச்சுக்கு
ஐந்துக்கு ஒன்று புள்ளி எட்டு.
ஹெட்ஃபோனுக்குள் ஒரு குரல்
கடற்கரை விடுமுறையைப் பற்றிக் கேட்டதாம்.
அவன் கடலைப் பார்த்ததில்லை,
அயோவாவும் பார்த்ததில்லை.

ஏப்ரல் கடைசி. மழைமானிப் பாடம்.
ஹால்வர்சன் தாளைக் கொடுத்துவிட்டு
வழக்கம்போலச் சொன்னார்:
"டேபிளை நிரப்புங்கள்."

பலாஸ் பென்சிலை எடுத்தான்.
கீழே வைத்தான்.
பையைத் திறந்து
ஒற்றைக் கையுறையை எடுத்து
மிக மெதுவாக, மேசையின் நட்டநடுவில் வைத்து,
திரும்பி
என் காபிக் கோப்பையைப் பார்த்தான்.

கொடுத்தேன்.