இரண்டு வாளிகள்

செவ்வாய் காலை
ஃபார்மலின் வாளியிலிருந்து
ஹில்கேயின் மூளையை எடுத்து நிறுத்தேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கிராம்.
தொண்ணூற்றாறு வயதுக்கு நல்ல எடை.
அடுத்த வாளியில் அவர் அக்கா சிட்ஸ்கே.
ஆயிரத்து நாற்பது.
மடிப்புகளுக்கு நடுவே என் சுண்டுவிரல் போயிற்று.

ஹில்கே ஃப்ரீஸ்லாந்தில் பாலம் திறந்தவர்.
படகு நெருங்கினால்
தூண்டில் கழியில் மரச்செருப்பைத் தொங்கவிடுவார்,
படகுக்காரர்கள் அதில் காசு போடுவார்கள்.
முப்பத்தெட்டு வருஷம்.
கோப்பின் பதினோராம் பக்கத்தில்
அவர் முதியோர் இல்லத்து இரண்டாம் மாடியில் இருக்கிறார்.
கம்பளிச் செருப்பைக் கயிற்றில் கட்டி
ஜன்னல் வழியே இறக்குகிறார்.
கீழே வாய்க்கால் இல்லை,
சைக்கிள் நிறுத்துமிடம்.
மகளின் பெயர் போயிற்று.
கரண்டி எதற்கென்பது போயிற்று.
பொழுது சாய்ந்தால்
பாலம் திறந்தே கிடக்கிறதென்று அழுகை.
செவிலி ஒருத்தி
(பெயர் எழுதவில்லை)
வேலை முடிந்து போகும்போதெல்லாம்
அந்தச் செருப்பில் இருபது சென்ட் போட்டாளாம்.

சிட்ஸ்கே வேறு மாதிரி.
தொண்ணூற்றெட்டில்
சீட்டாட்டத்தில் பாதிரியாரைத் தோற்கடித்தார்.
அறுபத்து மூன்றின் உறைபனியில்
எந்தெந்த வீட்டில் குழாய் வெடித்தது என்று
தெரு வரிசையாகச் சொல்வார்.
தம்பியின் மாத்திரை வேளை அவர் தலையில்தான் இருந்தது.

சாயமேற்றிய தகடுகளை நுண்ணோக்கியில் வைத்தேன்.
அக்காவின் மூளையெங்கும் பழுப்புத் திட்டுகள்.
அணுக்களுக்குள் கருஞ்சிக்கல்,
பூனை உருட்டிய நூல்கண்டு.
தம்பியினுடையதில்
அங்கொன்று இங்கொன்று.
பாதி வயதுக்காரன் மூளைபோல் துலக்கம்.

வாளி மாறிவிட்டது என்றே நினைத்தேன்.
எண்ணைப் பார்த்தேன்.
வீட்டுக்குப் போய், தூக்கம் வராமல்,
விடியுமுன் வந்து மறுபடி பார்த்தேன்.
மரபணுவுக்கும் அனுப்பினேன்.
பெண், ஆண். மாறவில்லை.

எழுபது வயதில் கணக்கு ஓரளவு ஒத்துவரும்:
இத்தனை திட்டுக்கு இத்தனை மறதி.
தொண்ணூறு தாண்டியவர்களிடம்
அதே கணக்கோடு போய்
பலமுறை அசடு வழிந்திருக்கிறேன்.
இந்த அளவுக்கு இல்லை.

படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
அக்காவின் தாளில் நோயை எழுதினேன்,
அவருக்கு வராத நோயை.
தம்பியின் தாளில்
பேனா மூடியைத் திறந்து
மூடினேன்.

மகள் ரிக்ஸ்ட் தொலைபேசியில் கேட்டாள்:
“அப்பாவுக்கு என்னதான் ஆயிற்று?”
தெரியவில்லை என்றேன்.
கண்ணுக்குத் தெரிகிற சேதம்
அதிகமில்லை என்றேன்.
பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.
“அப்படியானால்
அவர் உள்ளேயேதான் இருந்தாரா?”

அன்று க்ரோனிங்கனில்
திரும்பும் வழியில் பாலம் தூக்கியிருந்தது.
சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன்.
இப்போதெல்லாம் ஆளில்லை,
எங்கோ உட்கார்ந்து
கேமராவில் பார்த்துத் திறக்கிறார்கள்.
மணல் படகொன்று போயிற்று,
அவசரமில்லாமல்.
கோட்டுப் பையில் கையை விட்டேன்.
சில்லறை இருந்தது.