கைபிடி பூட்டப் போன வீடு

டிக்கெட் வெட்டி வந்த மூன்றாம் நாள்
என்னைக் கூப்பிட்டார்கள்.
உவர்மலை ஏறி இடது கைப் பக்கம்,
மதிலடியில் மான் படுத்திருக்கும் வீடு.

இஞ்ஞாசியார் கதிரையில் இருந்தார்.
இடுப்புக்குள் இரும்பு.
ஆஸ்பத்திரி சொல்லி வாங்கிய வாக்கரில்
துவாய் காய்ந்துகொண்டிருந்தது.
"இழுவைப் படகில முப்பத்தொரு வருசம்.
வாடைக் கடல்ல ஒரு கையால
தேத்தண்ணி குடிச்சவன்.
எனக்குக் கம்பியா, பாஸ்?"

மகள் டெல்சி வாய் திறக்கவில்லை.
நாலாய் மடித்த தாளை நீட்டினாள்,
வார்ட் மிஸ்ஸி எழுதியது:
கால்மிதியை எடுத்துவிடவும்.
இரவில் ஒரு லைற் எரியட்டும்.
மருந்து குடித்த கையோடு எழும்ப வேண்டாம்,
கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்துவிட்டு.
கம்பி, தரையிலிருந்து எண்பத்து...
அந்த இடத்தில் தண்ணி பட்டிருந்தது.
எட்டா, மூன்றா?

குளியலறையில் நாடாவை இழுத்து
எட்டுக்கு ஒரு கோடும்
மூன்றுக்கு ஒரு கோடும் போட்டேன்.
தரைக்குப் புது டைல்ஸ்,
டோஹாவிலிருந்து மகன் அனுப்பிய காசு,
முகம் பார்க்கலாம்.
அவர் பார்த்திருக்கிறார்,
கன்னம் அதில் ஒட்டியபடி
ஒன்றரை மணித்தியாலம்,
டெல்சி விடியப் பூசைக்குப் போன அன்று.

குந்தியிருந்து எழும்பும்போதுதான் கண்டேன்.
சுவரில் ஒரு மங்கல்,
உள்ளங்கை அகலம்,
வெள்ளைப் பெயின்ற் எண்ணெய் குடித்த மாதிரி.
கதவு நிலையில் ஒன்று.
தொட்டியடியில் ஒன்று.
கொமட்டுக்கு வலப்பக்கம் நன்றாய்க் கறுத்து ஒன்று,
விரல் விரலாய்,
சின்னவிரல் மட்டும் இல்லாமல்.
அந்த விரலை வடம் கொண்டுபோன கதை
துறைமுகத்துக்கே தெரியும்.

இது ஒரு மாதத்து அழுக்கில்லை.
வருசக்கணக்காய்
ஒருவருக்கும் சொல்லாமல்
இரவிரவாய் இந்தச் சுவரைப் பிடித்துப் பிடித்து
துறை துறையாய்ப் போய்வந்திருக்கிறார் மனுசன்.

நான் கூப்பிடவில்லை.
வாக்கரின் றப்பர்ச் சத்தம் தானாய் வந்தது.
வாசலில் நின்று சுவரைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"டெல்சிக்குச் சொல்லாத, தம்பி."

போட்ட கோடு இரண்டையும் எச்சில் தொட்டு அழித்து
அந்தக் கறுப்பின் நடுவில் பென்சிலை வைத்தேன்.
ட்ரில் இறங்க
அவர் பாதமெல்லாம் வெள்ளைத் தூள்.

"கப்பல் கட்டுற முளைக்குக் கீழ
ஆளுயரம் கொங்கிறீற் கிடக்கும். இதுக்கு?"
"நாலங்குல ஆணி, ஐயா. இழுத்துப் பாருங்கோ."
இழுத்தார்.
முழுப் பாரத்தையும் அதிலே போட்டார்,
பின்னால் நின்ற நான்
இரண்டு கையையும் விரித்துவிட்டேன்.
கம்பி அசையவில்லை.
"ம்" என்றார். கொஞ்ச நேரம் விடவுமில்லை.
பிறகு மெல்ல,
"கதவடியிலயும் ஒண்டு போடு.
அதுக்குக் காசு நான் தாறன்."

வெளிக்கிடும்போது டெல்சி கேட்டாள்,
எட்டா, மூன்றா?
இரண்டுமில்லை என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை,
கால்மிதியைச் சுருட்டி என்னிடம் தந்தாள்.
இன்னும் மோட்டார்சைக்கிள் சீற்றில்தான் கிடக்கிறது,
வெயிலுக்கு நல்லது.