கொருக்குப்பேட்டை கேட்

பதினாலு மாதக் கடன். பெயர் மிளகு.
பார்வையில்லாத யாருக்கோ
வழி காட்டப் போகிற குட்டி.

காசிமேட்டு ஏலத்தில்
வஞ்சிரத் தலை காலடியில் உருண்டாலும்
மூக்கு மட்டும் நடுங்கும், வாய் திறக்காது.
அதற்கு நாற்பத்தொரு விடியற்காலை ஆனது.
"பாவம், ஒரு துண்டு துன்னட்டுமே" என்ற டெய்சிதான்
பிறகு கூடையோடு எழுந்து கத்தினாள்:
"யாரும் தொடாதீங்கோ, அது டூட்டில கீது."

மஞ்சள் அங்கி மாட்டினால் டூட்டி.
கழற்றினால் என் செருப்பைத் தின்னும்.

கேட்டை மறித்து கூட்ஸ் வண்டி நின்றால்
ஒரு மணி நேரம்கூட நிற்கும்.
ஆறாம் வகுப்பிலிருந்து
பெட்டிக்கடியில் குனிந்தே தாண்டுகிறவள் நான்.
ஷிஃப்டுக்கு நேரமான அன்றும் குனிந்தேன்.
வார் இறுகியது.
முன்னங்கால்களைத் தாரில் ஊன்றி
உட்கார்ந்துவிட்டது மிளகு.
இழுத்தேன். திட்டினேன். பிஸ்கட் காட்டினேன்.
இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன்,
இனி இந்த வாரைப் பிடிக்கப்போகிறவரைப் போல.
முதலில் பிரேக் சீறல்.
அப்புறம் பெட்டி பெட்டியாய்
இரும்பு இடித்துக்கொண்டே வந்து
என் தலை இருந்திருக்க வேண்டிய இடத்தைக்
கடந்து போனது.

அரை நாள் சம்பளம் போச்சு.

புதன்கிழமை வேன் வரும்.
ஒப்படைக்கும் படிவத்தில் ஒரு கட்டம்:
நாய் இன்னும் விடாத பழக்கம் ஏதேனும்?
செருப்பு, என்று எழுதினேன்.

நேற்று அதைத் தைக்கக் கொடுத்தேன்.
வாரை மட்டும் தைக்கச் சொல்லி,
பல்தடத்தைத் தொட வேண்டாமென்று.